மதராஸின் இரண்டாம் ஆட்டம்: மறைந்துபோன தியேட்டர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: அப்பா, தாத்தா காலத்தில் மவுண்ட் ரோடு, புரசைவாக்கம், ஜார்ஜ் டவுன் பக்கமெல்லாம் இருந்த தியேட்டர்கள் சரியாக எந்த இடத்தில் இருந்தன? இப்போது ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அதை உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

வழி உண்டு. நினைவுகளை மட்டும் நம்பித் தேடினால் பாதியில் குழம்பிவிடுவீர்கள். பெயர், பத்திரிகை விளம்பரம், நிலத்தின் ஆவணம், கட்டடத்தின் உடம்பு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் ஒரு தியேட்டரின் இடம் உறுதியாகும்.

அதற்கு முன் ஒரு விஷயம். சென்னையின் பழைய இரவு வாழ்க்கையைத் தேடுகிறவர்கள் ஏன் கடைசியில் தியேட்டர்களிடமே வந்து நிற்கிறார்கள்? காரணம் மதுவிலக்கு. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் தளர்த்தி, 1974இல் மறுபடி கொண்டுவந்தார்கள். கல்கத்தா போல இசைக்குழுவும் நடனமும் மதுவுமாக ஒரு தெருவே இரவில் விழித்திருக்கும் வழக்கம் இங்கே வேர்விட வாய்ப்பே இல்லாமல் போனது. அதற்கு முன் இருந்த கொஞ்சநஞ்சமும் பெரிய ஓட்டல்களுக்குள்தான். கார்சிகாவிலிருந்து வந்த ஜாக்கமோ டி'ஏஞ்சலிஸ் மவுண்ட் ரோடில் நடத்திய ஓட்டல் அவற்றில் ஒன்று. 1910இல் இந்த ஊரில் விமானம் பறக்கவிட்டுக் காட்டியவரும் அவரேதான். பிறகு அந்த ஓட்டல் பொசோட்டோ என்று பெயர் மாறியது. மற்றபடி சாதாரண சென்னைவாசிக்கு இரவு என்றால் கச்சேரி, நாடகம், அதைவிட அதிகமாக சினிமா இரண்டாம் ஆட்டம். பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிவாக்கில் விடும் அந்தக் காட்சியை நம்பித்தான் டீக்கடை, பரோட்டாக் கடை, ரிக்‌ஷா எல்லாமே ஓடின. ஆகவே இந்த ஊரின் இரவுக்கு வரைபடம் போட வேண்டுமானால் தியேட்டர்களைத்தான் புள்ளி வைக்க வேண்டும்.

கண்ணால் பார்க்கக்கூடியதிலிருந்து தொடங்குங்கள். அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துக்குள் தபால்தலை சேகரிப்போருக்கான பிரிவு இயங்கிவந்த பழைய கட்டடம்தான் எலெக்ட்ரிக் தியேட்டர். 1913இல் வார்விக் மேஜர், ரெஜினால்ட் ஐர் என்ற இருவர் தொடங்கியது. இரண்டே வருஷத்தில், 1915இல், தபால் துறை வாங்கிவிட்டது. அரசாங்கத்தின் கைக்குப் போனதால்தான் அது பிழைத்தது. தனியார் கையில் இருந்திருந்தால் அந்த விலைமதிப்புள்ள மனையில் எப்போதோ அடுக்குமாடி எழும்பியிருக்கும். முகப்பை எதிரில் நின்று பாருங்கள். அகலம் குறைவு, உடம்பு நீளம். மௌனப்பட காலக் கொட்டகையின் அளவு அது. பின்னாளில் வந்த ஆயிரம் இருக்கைத் தியேட்டர்களை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் இதைத் தியேட்டர் என்றே நம்பமாட்டீர்கள்.

அதற்கு அடுத்த ஆண்டில் வந்தது கெயிட்டி. புகைப்படக்காரரான ரகுபதி வெங்கையா 1914இல் கட்டியது, சென்னையில் இந்தியர் ஒருவர் சொந்தமாகக் கட்டிய முதல் சினிமா தியேட்டர். பிளாக்கர்ஸ் ரோடில் இருந்தது. அவரே பிறகு தங்கசாலையில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் என்று இரண்டைச் சேர்த்தார். இந்த மூன்றில் ஒன்றுகூட இப்போது இல்லை. குளோபைத் தேடும்போது கவனம் தேவை. அதுதான் பின்னாளில் ராக்ஸி ஆனது; ராக்ஸி போன இடத்தில் சரவணா ஸ்டோர்ஸ் வந்தது. "குளோப் எங்கே?" என்று புரசையில் கேட்டால் யாருக்கும் தெரியாது. "ராக்ஸி" என்றால் வயதானவர்கள் உடனே கையைக் காட்டுவார்கள்.

இந்தத் தேடலில் பெரும்பாலான தவறுகள் இந்தப் பெயர் மாற்றத்தில்தான் நடக்கின்றன. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் இருந்த மிட்லண்ட், ஜெயப்பிரதா ஆகி, அதன்பின் ராஜ் ஆனது. ஜார்ஜ் டவுனில் 1916இல் நேஷனல் தியேட்டராகத் தொடங்கியது மினர்வாவாகிப் பிறகு பாட்சா ஆனது. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று வெளியான கினிமா சென்ட்ரல் பிற்பாடு முருகன் டாக்கீஸ். ஒரே கட்டடத்தை மூன்று தியேட்டராக எண்ணிவிடும் பட்டியல்கள் ஏராளம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: இரண்டு வெவ்வேறு கட்டடங்களை ஒன்றாக எண்ணிவிடுவது. எல்பின்ஸ்டன் ஒன்று, நியூ எல்பின்ஸ்டன் இன்னொன்று. முன்னது மிஸ்க்வித் கட்டடத்தில் லிரிக் என்ற அரங்காக இருந்து, மதன் என்ற சினிமா கம்பெனியின் கையில் எல்பின்ஸ்டன் ஆனது. பின்னது மவுண்ட் ரோடிலேயே தனியாக எழும்பியது. அதோடு ஒட்டியிருந்த ஜாஃபர்ஸ் ஐஸ்கிரீம் கடையைப் பற்றிப் பேசாத பழைய மவுண்ட் ரோடுக்காரர் இருக்க மாட்டார். இப்போது அந்த இடத்தில் இருப்பது ரஹேஜா காம்ப்ளக்ஸ். எந்த எல்பின்ஸ்டன் என்று ஆண்டைக் கேட்டு உறுதி செய்யாமல் எந்தத் தகவலையும் குறித்துக்கொள்ளாதீர்கள்.

அதனால் முதல் வேலை, ஒரு நோட்டில் பெயருக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்காமல், இடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது. அந்த இடத்தின் கீழே பெயர்களை ஆண்டோடு வரிசையாக எழுதுங்கள். தெருப் பெயருக்கும் இதே வேலை செய்ய வேண்டும். மவுண்ட் ரோடு அண்ணா சாலையானது எல்லோருக்கும் தெரியும். பிராட்வே பிரகாசம் சாலை, பூந்தமல்லி ஹை ரோடு ஈ.வெ.ரா. பெரியார் சாலை, திருவல்லிக்கேணி ஹை ரோடு காயிதே மில்லத் சாலை, பாண்டி பஜார் ஆவணங்களில் தியாகராய சாலை. கதவு எண்ணில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. பழைய விளம்பரத்தில் 153 என்று இருந்தால் இன்றைய 153ஆம் எண்ணின் முன்னால் போய் நிற்காதீர்கள்.

அடுத்தது பத்திரிகை. சென்னைத் தியேட்டர்களுக்கு இதைவிட நம்பகமான சாட்சி இல்லை. ஹிந்து, சுதேசமித்திரன், தினமணி, தினத்தந்தி ஆகியவற்றின் பழைய இதழ்களை கன்னிமாரா நூலகத்திலும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். எது எந்த ஆண்டுக்கு, எந்த வடிவில் இருக்கிறது என்று போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நுண்படச் சுருளாக (மைக்ரோஃபிலிம்) இருந்தால் ஒரு நாளில் பார்க்கக்கூடிய அளவு குறைவு.

எல்லா இதழையும் புரட்ட வேண்டியதில்லை. பொங்கல், சித்திரை முதல் நாள், தீபாவளி ஆகிய மூன்றுக்கும் ஒட்டிய இதழ்களை மட்டும் ஆண்டுவாரியாக எடுங்கள். புதுப்படங்கள் வெளியாகும் நாட்கள் அவை. ஊரில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஏறக்குறைய எல்லாத் தியேட்டரும் அன்று விளம்பரத்தில் இருக்கும். ஒரு தியேட்டரின் பெயர் எந்தப் பண்டிகையில் முதலில் வருகிறது, எந்தப் பண்டிகையில் மாறுகிறது என்று பார்த்தால் அதிகபட்சம் ஆறேழு மாத இடைவெளிக்குள் விஷயம் சிக்கிவிடும். பிறகு அந்த இடைவெளியை மட்டும் நாள்வாரியாகப் பார்த்தால் போதும். "100ஆவது நாள்", "வெள்ளி விழா" விளம்பரங்கள் இன்னும் நல்லவை. படம் ஓடும் எல்லாத் தியேட்டர்களின் பெயரும் பேட்டையோடு சேர்த்து அச்சாகியிருக்கும்.

திறப்பு விழாவைக் கண்டுபிடிப்பது எளிது, முழுப்பக்க விளம்பரம் வரும். மூடிய தேதிதான் கஷ்டம். புதுப்படம் கிடைக்காமல் பழைய படங்களை மட்டும் ஓட்டத் தொடங்கிய தியேட்டர் பத்திரிகைக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிடும்; சுவரொட்டியோடு சரி. ஆகவே கடைசி விளம்பரத்தின் தேதியை மூடிய தேதியாக எழுதிவிடாதீர்கள். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஓடியிருக்கலாம்.

மௌனப்பட காலத்துக்கு வேறு ஆதாரம் வேண்டும். 1927-28இல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த இந்திய சினிமா விசாரணைக் குழு சென்னையிலும் சாட்சியம் வாங்கியது. அறிக்கையோடு சாட்சியத் தொகுதிகளும் அச்சாகியிருக்கின்றன. எந்த வகுப்பில் யார் உட்கார்ந்தார்கள், வெளிநாட்டுப் படத்துக்கும் இந்தியப் படத்துக்கும் கூட்டம் எப்படி என்றெல்லாம் தொழிலில் இருந்தவர்களே பேசியிருக்கிறார்கள். இதோடு அசைலம் பிரஸ் ஆண்டுதோறும் போட்ட சென்னை டைரக்டரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவாரியாகக் கதவு எண்ணோடு கடைகளும் நிறுவனங்களும் இருக்கும். பழைய எண் குழப்பத்தைத் தீர்ப்பதற்கு இது ஒன்றே நல்ல மருந்து. பக்கத்துக் கடைகளின் பெயரைப் பாருங்கள். அவற்றில் ஒன்று இன்னும் அதே இடத்தில் இருந்தால் அங்கிருந்து எண்ணிக்கொண்டே போகலாம்.

கையில் கிடைக்கும் சின்னக் காகிதங்களும் பேசும். பாட்டுப் புத்தகத்தைவிட நோட்டீஸ் உபயோகமானது, ஏனென்றால் அதில் தியேட்டர், தேதி, காட்சி நேரம் மூன்றும் உண்டு. பழைய டிக்கெட்டில் கட்டணமும் கேளிக்கை வரியும் தனித்தனியே இருக்கும். அணாக் கணக்கா, நயா பைசாவா என்று பார்த்தால் 1957க்கு முன்னா பின்னா என்பதும் தெரிந்துவிடும்.

நில ஆவணத்துக்கு வருவோம். மனையின் நகர நில அளவை எண்ணும் பிளாக் எண்ணும் கிடைத்துவிட்டால் வில்லங்கச் சான்றிதழ் போடலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975 முதல் தேடிப் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். இங்கே பலர் தடுமாறுவது எதில் என்றால், நிலத்துக்காரர் ஒருவர், தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் இன்னொருவர். தியேட்டர் முதலாளி என்று ஊர் சொல்லும் பெயர் பத்திரத்தில் இல்லையே என்று தேடலை விட்டுவிடாதீர்கள். குத்தகைப் பதிவைப் பாருங்கள். உரிமம் இன்னொரு வழி. 1955ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி சென்னை நகரத்தில் தியேட்டருக்கு உரிமம் கொடுப்பவர் போலீஸ் கமிஷனர், மாவட்டங்களில் கலெக்டர். அந்த 'சி' படிவ உரிமம் யார் பெயரில் இருந்தது, எத்தனை இருக்கை என்பதெல்லாம் அதில் உண்டு. வழக்கு ஏதாவது நடந்திருந்தால் இந்த விவரங்கள் தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் தியேட்டர் பெயரைப் போட்டுத் தேடுவது வீண்போகாது.

இனி கட்டடம். இடிபடாமல் கல்யாண மண்டபமாகவோ, கிடங்காகவோ, ஜவுளிக் கடையாகவோ மாறிய தியேட்டர்கள் சில உண்டு. மயிலாப்பூர் லஸ்ஸில் இருந்த காமதேனு மண்டபமானது ஓர் உதாரணம். இப்படிப்பட்ட கட்டடத்தில் பெயிண்டும் பொய்க்கூரையும் எதை மறைத்தாலும் ஆபரேட்டர் ரூமை மறைப்பது கடினம். திரைக்கு நேர் எதிர்ச்சுவரில், பால்கனிக்குப் பின்னால் உயரத்தில் பாருங்கள். ஒரு புரொஜெக்டருக்கு இரண்டு ஓட்டை: ஒன்று ஒளி போவதற்கு, பக்கத்தில் சற்று உயரமாக ஆபரேட்டர் எட்டிப் பார்ப்பதற்கு. இரண்டு மெஷின் என்றால் நான்கு ஓட்டை. விளம்பர ஸ்லைடு போடுவதற்கு ஐந்தாவது ஒன்று இருப்பதுண்டு. செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தாலும் பூச்சின் விளிம்பு சதுரமாகத் தெரியும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் நிழல் காட்டிக்கொடுக்கும்.

ஏன் இரண்டு மெஷின்? 2000 அடி ரீல் ஒன்று ஓடுவது சுமார் 22 நிமிஷம். ஒன்று முடிகிற நொடியில் அடுத்ததைத் தொடங்கினால்தான் படம் அறுபடாமல் போகும். ஒரே மெஷினோடு ஓட்டிய இடங்களில் ரீலுக்கு ரீல் விளக்குப் போட்டார்கள். ஆக, ஓட்டைகளின் எண்ணிக்கையே அந்தத் தியேட்டரின் வசதியைச் சொல்லிவிடும்.

ஓட்டைகளின் மேல்விளிம்பில் இரும்புச் சட்டமோ தகடு இறங்கும் காடியோ இருந்தால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்த நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீரால் அணையாது. தீ அரங்குக்குள் பாயாமல் இருக்க ஓட்டையை மூடும் இரும்புத் தகடு அது. ஆபரேட்டர் ரூமுக்கு வெளியிலிருந்து தனிப் படிக்கட்டு இருப்பதும் தீக்குப் பயந்துதான். கூரையில் குட்டையான புகைபோக்கி ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் அது கார்பன் குச்சி எரித்த காலத்தின் மிச்சம். இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கு நடுவில் பிறக்கும் வெளிச்சத்தில்தான் படம் ஓடியது. அந்தப் புகை வெளியேற வழி வேண்டும். பிறகு வந்த செனான் விளக்குக்குப் புகை கிடையாது.

அரங்குக்குள் தரையைப் பாருங்கள். மண்டபமாக்கியவர்கள் சரிவை நிரப்பிச் சமதளமாக்கியிருப்பார்கள். அப்படியானால் பக்கவாட்டுக் கதவுகளின் உயரம் ஒன்றுபோல் இருக்காது. திரை இருந்த பக்கம் கதவுகள் குட்டையாகிப் போயிருக்கும், அல்லது வெளியே இறங்க இரண்டு மூன்று படி புதிதாக முளைத்திருக்கும். இரு பக்கமும் வெளிப்புறமாகத் திறக்கும் அகலக் கதவுகள் வரிசையாக இருப்பதும் நல்ல அடையாளம். நடுவில் தூணே இல்லாத அகலமான கூரையும் அப்படித்தான், ஆனால் கிடங்குகளுக்கும் அது பொருந்தும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

மேடைத் திறப்பின் அகலத்தை அளந்து பாருங்கள். பேசும்படக் காலத்தின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரத்தை நெருங்கியது. சினிமாஸ்கோப் வந்தபோது உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அகலம் வேண்டியிருந்தது. வசதியுள்ளவர்கள் பக்கச் சுவரை உடைத்து அகலப்படுத்தினார்கள். உடைத்த இடம் பூ வேலைப்பாடு திடீரென்று அறுந்து நிற்பதில் தெரியும். முடியாதவர்கள் அதே திரையில் படத்தின் உயரத்தைக் குறைத்து ஓட்டினார்கள்.

முழுதாக இடித்துவிட்ட இடங்களில் மனையின் வடிவம்தான் மிச்சம். மவுண்ட் ரோடில் முகப்புக் குறுகி உள்ளே நீளும் மனைகளைக் கவனியுங்கள். சில இடத்தில் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெலிங்டன் பிளாசா மாதிரி. சில இடத்தில் அதுவும் இல்லை. 1964இல் திறந்த சபையர் வளாகத்தில் சபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று மூன்று அரங்குகள் ஒரே கூரையின் கீழ் இருந்தன. புளூ டயமண்டில் படம் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். 1994இல் மூடினார்கள். இடித்த பிறகு மனை நீண்ட காலம் வெறுமையாகக் கிடந்தது. இதற்கெல்லாம் கூகுள் எர்த்தின் பழைய படங்களைப் பயன்படுத்துங்கள். சென்னைக்கு 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து கிடைக்கின்றன. நீண்ட ஒற்றைக் கூரை எந்த ஆண்டுப் படத்தில் காணாமல் போகிறது என்று பார்த்தாலே இடித்த காலம் பிடிபடும். அதற்கு முன் இடிபட்ட தியேட்டர்களுக்கு இது உதவாது.

ஆட்களிடம் கேட்பதானால் ரசிகர்களை விட்டுவிட்டு ஆபரேட்டர், டிக்கெட் கிழித்தவர், சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தவர், மீரான் சாகிப் தெருவில் விநியோகக் கம்பெனிகளுக்குப் பிலிம் பெட்டி தூக்கியவர் ஆகியோரைத் தேடுங்கள். ரசிகர் படத்தை நினைவில் வைத்திருப்பார், கட்டடத்தை அல்ல. "அது எந்த வருஷம்?" என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். "அப்போது என்ன படம் ஓடியது, தரை டிக்கெட் எவ்வளவு, ஆட்டம் விட்டு எந்த பஸ்ஸில் போனீர்கள்?" என்று கேளுங்கள். படத்தின் பெயரிலிருந்து ஆண்டைப் பத்திரிகை கொடுத்துவிடும். கண்டக்டர்கள் இன்னும் கூப்பிடும் நிறுத்தப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். தெருப்பலகை மாறினாலும் ஸ்டாப் பெயர் லேசில் மாறுவதில்லை. கோடம்பாக்கத்தில் "லிபர்டி" என்றால் தியேட்டர் பார்க்காத பிள்ளைகளுக்கும் இடம் தெரியும்.

ஏன் மூடினார்கள் என்ற கேள்விக்கு டிவியை மட்டும் காரணம் காட்டுவது போதாது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது, 80களில் வீடியோ வந்தது, உண்மை. ஆனாலும் அதற்குப் பிறகு இருபது முப்பது ஆண்டுகள் ஓடிய தியேட்டர்கள் உண்டு. மவுண்ட் ரோடிலும் தி.நகரிலும் மனை விலை ஏறிய வேகத்தில், நாளுக்கு நான்கு ஆட்டம் நிறைந்தாலும் கட்டுப்படியாகாத நிலை வந்தது. நடிகை டி.ஆர். ராஜகுமாரி பாண்டி பஜாரில் நடத்திய ராஜகுமாரி தியேட்டர் நின்ற மண்ணுக்கு இன்று என்ன விலை என்று யோசித்தால் விளங்கும். குடும்பத்தில் அடுத்த தலைமுறை பாகம் பிரிக்கும்போது விற்பதுதான் சுலபமான வழியாக இருந்தது. 1961இல் திறந்த சாந்தி 2016 வரை தாக்குப்பிடித்தது. தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967இல் தொடங்கி 2020இல் மூடியது.

இப்போது மூடிக்கொண்டிருப்பவற்றை விட்டுவிட்டு நூறு வருஷத்துக்கு முந்தையதை மட்டும் தேடுவது சரியில்லை. அசோக் நகர் உதயம் வளாகம் 1983இல் திறந்து 2024இல் மூடியது. ஒரு தியேட்டர் மூடப்போகிறது என்று தெரிந்த உடனே போய், அனுமதி வாங்கி, இவற்றையெல்லாம் படம் எடுங்கள்: நான்கு பக்க வெளிச்சுவர், டிக்கெட் கவுண்டரும் வரிசைக்கான கம்பிக் கூண்டும், கட்டணப் பலகை, லாபியில் இருக்கும் வெள்ளி விழாக் கேடயங்கள் (பொறித்த எழுத்து படிக்கும்படி), ஆபரேட்டர் ரூமுக்குள் மெஷினின் பெயர்த்தகடு, சுவரில் ஆபரேட்டர்கள் பென்சிலில் எழுதிவைத்த ரீல் கணக்கு, திரையின் பக்கம் நின்று இருக்கைகளைப் பார்த்து ஒன்று, பால்கனியிலிருந்து திரையைப் பார்த்து ஒன்று. திரையின் அகலம், உயரம், ஓட்டையிலிருந்து திரைக்கு உள்ள தூரம் மூன்றையும் டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு படத்தோடும் தேதியும் எடுத்தவர் பெயரும் இருக்கட்டும். மானேஜரிடம் உரிமத்தின் நகல், கடைசி நாளின் டிக்கெட் கட்டு, தினக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும் என்பதால் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தினக் கணக்குப் புத்தகம் கிடைத்தால் முதலில் இரண்டாம் ஆட்டத்துக்கான பத்தியைப் பாருங்கள். எந்த ஆண்டிலிருந்து அந்த எண்கள் இறங்கத் தொடங்கின என்பது அதில் இருக்கும்.